40 கிரெடிட் முடியாமல் ஊருக்குத் திரும்பலாமா? சோஷியல் செக்யூரிட்டி, 401கே பற்றி ஆலோசனை தேவை

கொங்கு_தறி (நியூ ஜெர்சி), நவம்பர் 2025

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்திருக்கிறார்கள். வாரம் மூன்று முறை. அப்பாதான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போய் வருகிறார், அவருக்கும் 74 ஆகிறது. ஊருக்கே திரும்பிவிடலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்துவிட்டோம். எப்போது கிளம்புவது என்பதில்தான் குழப்பம்.

என் விவரம்: 2012இல் எஃப்1 விசாவில் படிக்க வந்தேன். 2014இல் படிப்பு முடித்து ஓபிடியில் (படிப்புக்குப் பின் கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதி) வேலை. 2016 அக்டோபரில் எச்1பி வேலை விசா கிடைத்தது. அதிலிருந்து சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி வரி (அமெரிக்க அரசு பென்ஷனுக்கான வரி) பிடிக்கிறார்கள். கிரீன் கார்டு வரிசையில் என் முறை இப்போதைக்கு வராது. வயது 41. மனைவி 2018 முதல் எச்4இல் (என் விசாவைச் சார்ந்த துணைவர் விசா) என்னோடு இருக்கிறார். 401கேயில் (நிறுவனம் வழியாகச் சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு) சுமார் ஒன்றரை லட்சம் டாலர் இருக்கிறது.

சோஷியல் செக்யூரிட்டி தளத்தில், பென்ஷன் தகுதிக்கான புள்ளியாக, 36 கிரெடிட் என்று காட்டுகிறது. 40 இல்லாவிட்டால் ஒன்றுமே கிடையாது என்கிறார்கள். பத்து வருடம் முடிய 2026 அக்டோபர் வரை இருந்துதான் ஆகவேண்டுமா? அம்மாவின் நிலையைப் பார்த்தால் அவ்வளவு நாள் தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை. வெறும் நான்கு கிரெடிட்டுக்காக இத்தனை வருடம் கட்டியதை விட்டுவிடவும் மனம் வரவில்லை. இந்திய வேலை வருடங்களை இதோடு சேர்க்க வழி உண்டா?

டொராண்டோ_தமிழன்

சேர்ப்பது பற்றி மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் 1984 முதல் டோட்டலைசேஷன் ஒப்பந்தம் இருக்கிறது. நான் டெட்ராய்ட்டில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவன். குறைந்தது 6 அமெரிக்க கிரெடிட் இருந்தால் போதும், மீதிக்குக் கனடாவில் வேலை பார்த்த காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அமெரிக்க வருடங்களுக்கு ஏற்ற சிறு தொகை தருவார்கள். ஆனால் இந்தியாவோடு அமெரிக்காவுக்கு இந்த ஒப்பந்தம் கிடையாது. பல வருடமாகப் பேசுகிறார்கள், கையெழுத்து மட்டும் ஆகவில்லை. 39 கிரெடிட்டோடு இந்தியா திரும்பினால் பென்ஷன் பூஜ்யம்தான். கட்டிய வரியும் திரும்ப வராது.

ஸ்ரீரங்கம்_ஓய்வு

தம்பி, அம்மா தேறி வர ரங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன்.

நான் 31 வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டு, இப்போது ஸ்ரீரங்கத்தில் இருந்தபடி சோஷியல் செக்யூரிட்டி வாங்கிக்கொண்டிருப்பவன். உங்கள் பதிவைப் படித்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்களுக்கு 40 கிரெடிட் ஏற்கெனவே வந்துவிட்டது. அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கிரெடிட்டை மாதக் கணக்கில் எண்ணுவதில்லை, டாலர் கணக்கில்தான் எண்ணுவார்கள். ஒரு வருடத்துக்கு அதிகபட்சம் நான்கு. 2016இல் ஒரு கிரெடிட்டுக்கு 1,260 டாலர் சம்பாதித்திருந்தால் போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீங்கள் வாங்கிய மூன்று மாதச் சம்பளம் நிச்சயம் 5,040 டாலரைத் தாண்டியிருக்கும். ஆக அந்த வருடத்துக்கே நான்கும் கிடைத்திருக்கும். 2016 முதல் 2024 வரை ஒன்பது வருடம், 36 கிரெடிட். தளத்தில் தெரிவது இதுதான். 2025 வருமானம் இன்னும் அங்கே ஏறவில்லை. அடுத்த வருடம் டபிள்யூ-2 (நிறுவனம் தரும் வருடாந்திரச் சம்பளச் சான்று) போய்ச் சேர்ந்த பிறகுதான் ஏறும். 2025இல் ஒரு கிரெடிட் 1,810 டாலர், நான்குக்கு 7,240. அதை நீங்கள் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ தாண்டியிருப்பீர்கள். 36ம் 4ம் 40.

எஃப்1இல் இருந்தவர்களுக்கு முதல் ஐந்து காலண்டர் வருடம் இந்த வரி கிடையாது. அதனால்தான் உங்கள் ஓபிடி காலம் கணக்கில் வரவில்லை. அதிலிருந்து இனி ஒன்றும் எடுக்கவும் முடியாது, விட்டுவிடுங்கள்.

கொங்கு_தறி

ஐயா, இதைப் படித்துவிட்டு மனைவியை எழுப்பிக் காட்டினேன். ரொம்ப நன்றி. 2016 டபிள்யூ-2வைத் தேடி எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே தாண்டியிருக்கிறது.

இன்னொரு கேள்வி. பத்து வருடக் கணக்குக்கு எவ்வளவுதான் கிடைக்கும்? இன்னும் ஓரிரு வருடம் இருந்தால் பெரிய வித்தியாசம் வருமா? என் மேலாளர் அப்படித்தான் சொல்கிறார்.

ஸ்ரீரங்கம்_ஓய்வு

மேலாளருக்கு உங்களை விட மனமில்லை, அது அவர் பக்கம் நியாயம். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

உங்கள் வாழ்நாளில் அதிகம் சம்பாதித்த 35 வருடத்தை எடுத்துக்கொள்வார்கள். பத்து வருடம்தான் என்றால் மீதி 25க்கும் பூஜ்யம். மொத்தத்தை 420 மாதத்தால் வகுப்பார்கள். பணவீக்கத்துக்கு ஏற்பத் திருத்திய பிறகு உங்கள் மொத்தச் சம்பாத்தியம் பத்து லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் மாதம் 2,381 வருகிறது. 2025 சூத்திரப்படி முதல் 1,226 டாலருக்கு 90 சதவீதம் தருவார்கள். அதற்கு மேல் 7,391 வரை 32 சதவீதம். அதற்கும் மேல் 15 சதவீதம். உங்களுக்கு 1,103ம் 370ம் சேர்ந்து மாதம் ஏறக்குறைய 1,473 டாலர். 67 வயதில் வாங்கினால் இந்தத் தொகை. 62இல் வாங்கினால் 30 சதவீதம் குறைந்து 1,031. 70 வரை பொறுத்தால் 24 சதவீதம் கூடி 1,826. நீங்கள் 62ஐ எட்டும் வருடத்தின் எண்கள்தான் கடைசியில் பொருந்தும். இன்றைய மதிப்பில் ஒரு மதிப்பீடாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதே சம்பளத்தில் ஒருவர் 35 வருடம் முழுக்க உழைத்தால் அவருக்கு மாதம் சுமார் 3,217. அவர் உழைத்த காலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நீங்கள் உழைக்கவில்லை, ஆனால் அவர் வாங்குவதில் கிட்டத்தட்ட பாதி உங்களுக்கு வருகிறது. குறைந்த வருமானக்காரர்களுக்கு உதவத்தான் அந்த 90 சதவீதப் படியை வைத்தார்கள். இடையில் ஊர் திரும்பியவர்களுக்கும் அதே படி பயன்படுகிறது.

இன்னும் ஒரு வருடம் இருந்து ஒரு லட்சம் டாலர் சம்பாதித்தால் கூடுவது மாதம் 76 டாலர். அதுவும் 26 வருடம் கழித்து. அதற்காக அம்மாவை ஒரு வருடம் காக்க வைக்க வேண்டுமா என்று நீங்களே பாருங்கள்.

டல்லாஸ்_குமரன்

ஐயா சொல்வது சரிதான், ஆனால் இதை நம்பித் திட்டம் போடலாமா? சோஷியல் செக்யூரிட்டி நிதியே 2033இல் காலி என்கிறார்கள். 401கேயையும் நான் நம்பமாட்டேன். கிளம்பும் முன் மொத்தத்தையும் எடுத்து, வரி, அபராதம் எல்லாம் கட்டி, மீதியை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் நண்பரே. ஊரில் உட்கார்ந்துகொண்டு இரண்டு நாட்டுப் படிவத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு.

ஸ்ரீரங்கம்_ஓய்வு

2033 பற்றி: 2025 டிரஸ்டிகள் அறிக்கையில் அந்த வருடம் இருப்பது உண்மை. ஆனால் காலியாவது சேமிப்பு நிதி. வேலை பார்ப்பவர்களிடமிருந்து வரி வந்துகொண்டேதான் இருக்கும். அந்த வரவை மட்டும் வைத்தே 77 சதவீதம் கொடுக்க முடியும் என்று அதே அறிக்கை சொல்கிறது. அதற்குள் சட்டத்தைத் திருத்தலாம். திருத்தாவிட்டாலும் பூஜ்யம் ஆகாது. அந்தக் குறைவையும் சேர்த்துத் திட்டம் போடுங்கள், ஆனால் இந்தப் பணத்தையே கணக்கில் சேர்க்காமல் விடவேண்டாம்.

401கே பற்றி ஆடிட்டர் யாராவது சொன்னால் நல்லது.

மதுரை_மகள்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 401கே பேச்சுக்குப் போகும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

என் அப்பா 90களில் போய் 12 வருடம் அமெரிக்காவில் வேலை பார்த்தார். இந்தியக் குடியுரிமையை விடவில்லை. மதுரைக்குத் திரும்பி, வயதானதும் அவருக்குப் பென்ஷன் ஒழுங்காக வந்தது. போன வருடம் காலமானார். அவருடைய தொகை அம்மாவுக்கு வரும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். வரவில்லை.

காரணம் ஐந்து வருட நிபந்தனை. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத மனைவியோ கணவனோ, வெளிநாட்டில் இருந்தபடி துணையின் கணக்கில் பணம் பெற வேண்டுமானால், திருமண உறவோடு அமெரிக்காவில் குறைந்தது ஐந்து வருடம் வசித்திருக்க வேண்டும். தாத்தா பாட்டியைக் கவனிக்க அம்மா ஊரிலேயே தங்கிவிட்டார். அங்கே இருந்தது மொத்தம் இரண்டு வருடம்கூடத் தேறாது. அமெரிக்காவில் போய்க் குடியிருந்தால் கதை வேறாக இருக்கலாம், 70 வயதில் அம்மா எங்கே போவார்?

இன்னொன்றும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இறந்த மாதத்துக்கான தொகை கிடையாது. ஒரு மாதத்துப் பணம் அடுத்த மாதம்தான் வரும் என்பதால், அப்பா போன பிறகு கணக்கில் ஏறியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. நல்ல வேளையாக அதைச் செலவு செய்திருக்கவில்லை.

கொங்கு_தறி அண்ணா, அண்ணியின் பாஸ்போர்ட், விசா முத்திரை, ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்த பதிவு), வீட்டு வாடகை ஒப்பந்தம், சேர்ந்து தாக்கல் செய்த வரிப் படிவம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு அவர் தனியாக நின்று நிரூபிக்க வேண்டி வந்தால் அந்தக் காகிதம்தான் பேசும்.

கொங்கு_தறி

சகோதரி, உங்கள் அம்மாவை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. என் மனைவி 2018இல் வந்தவர், இடையில் பிரசவத்துக்கு ஊருக்குப் போய் வந்த காலத்தைக் கழித்தாலும் ஐந்து வருடம் தாராளமாகத் தேறும். இதற்கென்று ஒரு கோப்பு இன்றே போடுகிறேன். நீங்கள் எழுதாவிட்டால் பழைய பாஸ்போர்ட்டைக்கூட வீடு காலி செய்யும்போது தொலைத்திருப்போம்.

ஸ்ரீரங்கம் ஐயா, நான் இந்தியக் குடிமகன். ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று ஓரிடத்தில் படித்தேன்.

ஸ்ரீரங்கம்_ஓய்வு

அமெரிக்கக் குடிமகன் அல்லாதவர் ஆறு முழு மாதம் வெளியே இருந்தால் பணம் நிற்கும் என்பது பொது விதி. விலக்குகளும் உண்டு. உழைத்தவருக்கு 40 கிரெடிட் இருந்தால், அல்லது அவர் பத்து வருடம் அமெரிக்காவில் வசித்திருந்தால், இந்தியக் குடிமக்களுக்கு அந்தத் தடை வராது. மதுரைத் தங்கையின் அப்பா வாங்கியது அப்படித்தான்.

குடியுரிமையால் வித்தியாசம் வருவது வரியில். அமெரிக்கக் குடிமகன் அல்லாத, அங்கே வசிக்காதவருக்கு, தொகையில் 85 சதவீதத்தின் மேல் 30 சதவீதம் பிடிப்பார்கள். மொத்தத்தில் 25.5 சதவீதம். உங்கள் 1,473 கைக்கு வரும்போது சுமார் 1,097. பிரிட்டன், கனடா, ஜெர்மனி போன்ற நாடுகளில் வசிப்போருக்கு ஒப்பந்தத்தால் இந்தப் பிடித்தம் இல்லை. நமக்கு அந்தச் சலுகை இல்லை. இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தின் 20ஆம் பிரிவு, சோஷியல் செக்யூரிட்டிக்கு வரி போடும் உரிமையைக் கொடுக்கும் நாட்டுக்கே தந்திருக்கிறது. அதனால் அங்கே பிடித்த பிறகு இந்தியாவில் மறுபடி வரி இல்லை, அது ஒரு ஆறுதல். என் போன்ற அமெரிக்கக் குடிமக்களுக்கு அந்த 25.5 பிடித்தம் கிடையாது. வழக்கமான அமெரிக்க வரிக் கணக்குத்தான்.

பணம் வர ஆரம்பித்த பிறகு எஸ்எஸ்ஏ-7162 என்று ஒரு படிவம் தபாலில் வரும். உயிரோடு இருக்கிறீர்களா, விலாசம் மாறியதா, வேலை பார்க்கிறீர்களா என்று கேட்கும். நிரப்பி அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரிந்த மூன்று வீட்டில் இந்தப் பணம்தான் மருந்துச் செலவு. அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, கோடையில் தபால்காரரிடம் விசாரியுங்கள், வரவில்லை என்றால் காத்திருக்காமல் நம் நாட்டைக் கவனிக்கும் ஃபெடரல் பெனிஃபிட்ஸ் யூனிட்டுக்கு எழுதுங்கள் என்பதுதான். அதன் முகவரி தூதரக இணையதளத்தில் இருக்கும்.

62இலேயே வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 67க்கு முன் வெளிநாட்டில் மாதம் 45 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால், சொந்தத் தொழிலாக இருந்தாலும், அந்த மாதத் தொகை கிடையாது. சம்பளம் எவ்வளவு என்பதே கேள்வி இல்லை, மணிக்கணக்குதான். கோவையில் தறி, மில் என்று இறங்கினால் நினைவில் வையுங்கள்.

ஆடிட்டர்_மயிலை

401கே பற்றிக் கேட்டதால் வருகிறேன். சென்னையில் திரும்பி வந்தவர்களின் கணக்குகளை அதிகம் பார்க்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன், கையெழுத்துப் போடும் முன் உங்கள் காகிதங்களை ஒருவரிடம் காட்டுங்கள்.

குமரன் சார் சொல்வது போல வேலையில் இருக்கும்போதே மொத்தமாக எடுத்தால், அந்த ஒன்றரை லட்சம் உங்கள் சம்பளத்தின் மேல் ஏறும். பெரும்பகுதி 22, 24 சதவீதப் படிகளில் விழும். 59½ வயதுக்கு முன் என்பதால் 10 சதவீத அபராதம் வேறு. மாநில வரி தனி. மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நிம்மதிக்கு அது அதிக விலை என்பது என் எண்ணம்.

திரும்பியவுடன் வழக்கமாக 2 நிதியாண்டு, சிலருக்கு 3, ஆர்என்ஓஆர் (இந்தியாவில் வசித்தாலும் வரிக்கு முழு ரெசிடெண்ட் ஆகாதவர்) என்ற நிலை கிடைக்கும். முந்தைய 10 வருடத்தில் 9 வருடம் வரிக் கணக்கில் என்ஆர்ஐயாக இருந்தவருக்கு, அல்லது முந்தைய 7 வருடத்தில் இந்தியாவில் தங்கிய நாட்கள் மொத்தம் 729ஐத் தாண்டாதவருக்கு அது பொருந்தும். அந்தக் காலத்தில் வெளிநாட்டு வருமானத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. ஆனால் பணம் முதலில் அமெரிக்க வங்கிக் கணக்கில் விழ வேண்டும். நேராக இந்தியக் கணக்கில் விழுந்தால் இங்கே பெற்ற வருமானம் ஆகிவிடும்.

சம்பளம் நின்ற பிறகு காலண்டர் வருடத்துக்கு 45,000 டாலர் வீதம் எடுத்தால், 2025 படிகளின்படி 1040-என்ஆர் (அமெரிக்காவில் வசிக்காதவருக்கான வரிப் படிவம்) கணக்கில் வரி சுமார் 5,160, அபராதம் 4,500. சேர்த்து 21.5 சதவீதத்துக்குள் முடிகிறது. நிறுவனம் முதலில் 30 சதவீதம் பிடித்துக்கொள்ளும், கணக்குத் தாக்கல் செய்து மீதியைத் திரும்பப் பெற வேண்டும். இந்தியாவில் வீடு வாங்கவோ மருத்துவச் செலவுக்கோ பணம் நிச்சயம் தேவை என்றால் இது நல்ல வழி.

தேவை இல்லை என்றால் தொடாதீர்கள். ஆர்என்ஓஆர் முடிந்து முழு ரெசிடெண்ட் ஆனதும், உள்ளே வளரும் பணத்துக்கு இந்தியா வருடாவருடம் வரி கேட்குமோ என்ற கவலை முன்பு இருந்தது. 2021 நிதிச் சட்டம் 89ஏ பிரிவைக் கொண்டுவந்து அதைத் தீர்த்தது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஓய்வூதியக் கணக்குகளுக்கு, அங்கே எடுக்கும்போது இங்கே வரி கட்டினால் போதும். படிவம் 10-ஈஈயை வருமான வரித் தாக்கலின் கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் பின்வாங்க முடியாது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் அமல், அதில் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழு ரெசிடெண்ட் ஆனபின் இந்திய வரித் தாக்கலில் அட்டவணை எஃப்ஏவில் (வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல்) அந்தக் கணக்கைக் காட்டியே ஆக வேண்டும். விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் வருடத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. கணக்கை வைத்திருப்பது குற்றமே இல்லை. வெளிநாட்டில் வசித்தபோது சேர்த்த சொத்தைத் திரும்பி வந்தபின்னும் வைத்துக்கொள்ள அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் 6(4) பிரிவு அனுமதிக்கிறது.

டல்லாஸ்_குமரன்

ஆர்என்ஓஆர் காலத்தில் எடுப்பது எனக்குப் புதிய தகவல், நன்றி சார். ஆனால் விட்டுவைத்தால் ஒரு ஆபத்து இருக்கிறது, அதனால்தான் எடுக்கச் சொன்னேன். என் நண்பர் ஒருவர் திரும்பிப் போய் நான்கு வருடத்தில் தவறிவிட்டார். அவர் குடும்பத்தாரிடம் அமெரிக்கா எஸ்டேட் வரி (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கான வரி) கேட்டது. அதுவரை யாருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஆடிட்டர்_மயிலை

குமரன் சார் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். நான் பார்க்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் கேட்காத கேள்வி இது.

அமெரிக்கக் குடிமகனுக்கு எஸ்டேட் வரி விலக்கு கோடிக்கணக்கான டாலர். குடிமகனும் அல்லாமல், அங்கே நிரந்தரமாகக் குடியிருக்காமலும் இறப்பவருக்கு, அமெரிக்காவில் உள்ள சொத்தில் விலக்கு வெறும் 60,000 டாலர். அதற்கு மேல் படிப்படியாக 40 சதவீதம் வரை. 401கே, ஐஆர்ஏ (தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு), அமெரிக்கப் பங்குகள் எல்லாம் இதில் வரும். இந்தியாவோடு எஸ்டேட் வரி ஒப்பந்தம் இல்லை. மனைவிக்குப் போகும் சொத்து என்றாலும், அவர் அமெரிக்கக் குடிமகள் இல்லாவிட்டால் வாழ்க்கைத் துணைக்கு உரிய வழக்கமான விலக்கும் தானாகக் கிடைக்காது.

அதனால் முழுக்க எடு, முழுக்க விடு என்ற இரண்டில் ஒன்றை நான் சொல்வதில்லை. 41 வயதுக்காரர், ஒன்றரை லட்சம் டாலர் என்றால், ஆர்என்ஓஆர் காலத்தில் ஒரு பகுதியை எடுத்துக் குறைத்துவிட்டு, மீதியை 59½ வரை வளர விடலாம். அந்த இடைக்காலத்துக்கு இந்தியாவில் ஒரு டெர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்தால், தவறிப்போனாலும் வரிப் பங்கை அது ஈடுகட்டும். நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயர் அப்படியே கிடக்கும் கணக்குகள் ஏராளம்.

சேலம்_செல்வி

என் நிலை வேறு. அமெரிக்கக் குடியுரிமை உண்டு, ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியருக்கான அட்டை) வைத்துக்கொண்டு சேலத்தில் இருக்கிறேன். 34 கிரெடிட்டோடு நின்றுவிட்டது. வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறேன், பெரும்பாலும் இந்திய வாடிக்கையாளர்கள். எனக்கு வழி ஏதும் இருக்கிறதா?

ஸ்ரீரங்கம்_ஓய்வு

இருக்கிறதம்மா. குடிமக்கள் உலகில் எங்கே சுயதொழில் செய்தாலும் அமெரிக்காவுக்கு 15.3 சதவீதம் சுயதொழில் வரி கட்ட வேண்டும். இந்தியாவோடு ஒப்பந்தம் இல்லாததால் இதிலிருந்து தப்ப வழியில்லை. பலருக்கு அது பாரம், உங்களுக்கு அதுவே வழி. வருடத்தில் ஏறக்குறைய 7,840 டாலர் நிகர லாபம் காட்டி வரி கட்டினால் 2025க்கு நான்கு கிரெடிட். இந்த வருடம் நான்கு, அடுத்த வருடம் இரண்டு, முடிந்தது. தாக்கல் செய்யாமல் விட்டிருந்தால் உடனே ஆரம்பியுங்கள். வாடிக்கையாளர் எந்த நாட்டவர் என்பது முக்கியமே இல்லை.

நீங்கள் குடிமகள் என்பதால் இந்திய வங்கிக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் என்றாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பிஏஆர் (வெளிநாட்டு வங்கிக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் அறிக்கை) தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நெல்லை_ஆசிரியர்

என் தம்பி அங்கே 14 வருடம் இருந்துவிட்டு வந்து இங்கே கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். இந்தியப் பென்ஷன் வந்தால் அமெரிக்கப் பென்ஷனைக் குறைப்பார்கள் என்று கேள்வி. உண்மையா?

ஸ்ரீரங்கம்_ஓய்வு

முன்பு குறைத்தார்கள். டபிள்யூஈபி என்ற விதி, வெளிநாட்டு வேலையின் பென்ஷனுக்கும் பொருந்தியது. 2025 ஜனவரி 5இல் கையெழுத்தான சட்டம் அதை ஒழித்துவிட்டது. தம்பி கவலைப்பட வேண்டியதில்லை.

மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) பற்றிக் கேட்காமலே பலர் தனிச்செய்தி அனுப்பியதால் சுருக்கமாக. இந்தியாவில் அது செல்லாது. அப்போலோவிலும் செல்லாது, வேலூரிலும் செல்லாது. குடிமக்கள் 65இல் பார்ட் ஏயை (மருத்துவமனைச் செலவுக்கான பகுதி) சும்மா வைத்திருக்கலாம், 40 கிரெடிட் இருந்தால் பிரீமியம் இல்லை. பார்ட் பிக்கு (டாக்டர் செலவுக்கான பகுதி) 2025இல் மாதம் 185 டாலர். மறுத்துவிட்டுப் பிறகு அமெரிக்கா போய்க் கேட்டால், தள்ளிப்போட்ட ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 10 சதவீதம் ஆயுள் முழுக்கக் கூடுதல். பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், கடைசிக் காலத்தில் போக வேண்டி வரலாம் என்பதால் நான் கட்டிக்கொண்டு வருகிறேன். ஊரை விட்டு நகரவே போவதில்லை என்பவர்களுக்கு அது வீண் செலவு. கொங்கு_தறித் தம்பிக்கு இந்தக் கேள்வியே எழாது, இங்கேயே நல்ல மருத்துவக் காப்பீடு எடுக்கட்டும்.

கொங்கு_தறி

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டோம். ஜனவரியில் பொங்கலுக்கு முன் கிளம்புகிறோம், நிறுவனத்தில் இன்று சொல்லிவிட்டேன். அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை, அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

401கேயில் மூன்றில் ஒரு பங்கை ஆர்என்ஓஆர் காலத்தில் எடுப்பதாகத் திட்டம். ஆடிட்டர் சார், மீதியை ஐஆர்ஏவுக்கு மாற்றுவதா, நிறுவனத்திலேயே விடுவதா? ஐயா, கிளம்பும் முன் சோஷியல் செக்யூரிட்டி பக்கம் நான் செய்ய வேண்டியது ஏதும் மிச்சம் உண்டா?

ஆடிட்டர்_மயிலை

மாற்றுவதானால் கிளம்பும் முன். இந்திய விலாசத்தோடு புதிய ஐஆர்ஏ திறக்க பல நிறுவனங்கள் மறுக்கின்றன. இந்தியாவில் வசிப்பவர் கணக்கை வைத்திருக்கலாமா, எடுக்கும்போது என்ன காகிதம் கேட்பீர்கள் என்று இரண்டு இடத்திலும் எழுத்தில் பதில் வாங்கிவிட்டு முடிவெடுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் பழைய நிறுவனத் திட்டத்திலேயே இருக்கட்டும். திரும்பியதும் டபிள்யூ-8பென் (அமெரிக்காவில் வசிக்காதவர் என்று தெரிவிக்கும் படிவம்) கொடுத்து உண்மையான விலாசத்தைப் பதியுங்கள். நண்பர் வீட்டு விலாசத்தில் ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அமெரிக்கவாசி போல 1099 என்ற வருமானப் படிவம் வருகிறது, பிறகு இரண்டு நாட்டிலும் கணக்கு இடிக்கிறது.

ஸ்ரீரங்கம்_ஓய்வு

சோஷியல் செக்யூரிட்டி தளத்தில் நுழைய இப்போது லாகின்.கவ் அல்லது ஐடி.மீ கணக்கு வேண்டும். அமெரிக்க போன் எண் கையில் இருக்கும்போதே அதை முடித்து, எண் இல்லாமலும் நுழையும் வழி ஒன்றை, அதாவது ஆதண்டிகேட்டர் செயலியையோ பேக்கப் கோடுகளையோ, சேர்த்து வைத்துவிடுங்கள். ஊரிலிருந்து இதைச் செய்வது பெரும்பாடு.

2026 கோடைக்குப் பிறகு உள்ளே போய் 2025 வருமானம் ஏறியிருக்கிறதா, 40 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் டபிள்யூ-2 நகலோடு திருத்தக் கேட்க வேண்டும். அந்த வருடம் முடிந்து 3 வருடம் 3 மாதம் 15 நாள் வரைதான் பொதுவாக அவகாசம், அதற்குப் பிறகு திருத்துவது கடினம். 2016 டபிள்யூ-2வையும் 2025 டபிள்யூ-2வையும் ஸ்கேன் செய்து ஒன்று உங்களிடமும் ஒன்று மனைவியிடமும் இருக்கட்டும். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், தம்பி.